படைக்காத கொழுக்கட்டை

விநாயகர் சதுர்த்தி வந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடும். எதிர் வீட்டிலிருந்து கொழுக்கட்டை வரும்போது சுகர் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பேர் இரண்டு கையாலும் வாங்கி, சிரித்து, நன்றி சொல்லி, கதவைச் சாத்தியதும் வாட்ச்மேனுக்கு அனுப்பிவிடுவார்கள். என் கணவர் இரண்டாவது வகை. திருமுடிவாக்கத்தில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் பொரியும் பழமும் வீடு வந்து சேர்ந்ததே இல்லை.

எனக்கு இரண்டும் வராது. பொய் சொல்லாதே என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டியே பழகிய வாய். படைத்ததைச் சாப்பிடுவதில்லை என்பது சின்ன வயதிலிருந்து நான் கைக்கொண்டு வருவது. அதற்கு ஒரு சாக்கு சொன்னால், ஆண்டவரை விருந்தாளிகள் கண்ணில் படாமல் உள்ளறையில் உட்கார வைப்பதுபோல எனக்குத் தோன்றும்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த வருஷம், எதிர் ஃபிளாட்டுப் பெண் தட்டில் கொழுக்கட்டையும் சுண்டலுமாக வந்து நின்றாள். அப்போதுதான் கல்யாணமாகி வந்தவள். தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதும் வேலை. நாங்கள் படைத்ததைச் சாப்பிடுவதில்லை, தப்பாக நினைக்காதே என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப் போயிற்று. தட்டோடு திரும்பிப் போனாள். அன்றைக்கு என் கணவர் என்னை ஒரு பிடி பிடித்தார். வாங்கி வைத்திருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று கேட்டார்.

அடுத்த வருஷம் அதே நாளில் மறுபடி மணி அடித்தது. இந்த முறை தட்டு இல்லை, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. "படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சது டீச்சர்" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு சதுர்த்திக்கும் அப்படித்தான். நானும் கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக்கென்று முட்டை போடாத கேக்கைத் தனியாகச் செய்வேன். ஒருவர் மனசாட்சியை ஒருவர் மதித்து வாழ்கிறோம் என்று சபையின் பெண்கள் கூட்டத்தில் இதை எடுத்துக்காட்டாகக்கூடச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே.

இந்த வருஷம் சதுர்த்திக்குச் சில நாள் முன்பு அவளுடைய மாமியார் அரக்கோணத்திலிருந்து வந்தார். ஒரு காலையில் மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர், தம் வீட்டுக்குள் போகாமல் எங்கள் வீட்டு மணியை அடித்தார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. படைக்காததைத் தரச் சொல்லி நீங்கள்தான் கேட்டீர்களா என்றார். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது என்றேன்.

சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. பிள்ளையாருக்கு வைக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் ருசிகூடப் பார்க்க மாட்டோம், குழந்தை அழுதாலும் கொடுக்க மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினார். முதலில் வேறு யாருக்காவது எடுத்துவிட்டால் அப்புறம் சாமிக்கு வைப்பது மிச்சம்தான். மருமகள் வருஷா வருஷம் அப்படிச் செய்தது அவருக்கு இப்போதுதான் தெரிய வந்ததாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு தடவை வயித்துல தங்காமப் போச்சும்மா. வேற எதனால இருக்கும், நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்து போன பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொழுக்கட்டையால் கரு கலையும் என்பதை நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. ஆனால் முதலாவது கடவுளுக்கு என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் மாடித் தொட்டியில் காய்க்கும் முதல் கத்தரிக்காய் ஆலயத்து அறுப்பின் பண்டிகைக்குத்தான் போகும். அதைப் பறித்து யாராவது குழம்பு வைத்தால் நான் சும்மா இருப்பேனா? என் மனசாட்சிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அவள் தன் மனசாட்சியை இத்தனை வருஷம் இடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டாளே என்று அவள் மேல் கோபமும் வந்தது. எல்லாவற்றையும்விட, மாமியார் சொல்வதை அவளும் நம்புகிறாளோ என்று பயமாக இருந்தது. நம்பினால், அவளுடைய இரண்டு இழப்புக்கும் காரணமானவள் எதிர் வீட்டில் குடியிருக்கிறாள்.

கணவரிடம் சொன்னேன். இப்போதாவது சுகர் வந்துவிட்டது என்று சொல்லித் தொலை என்றார்.

ஜெபித்துப் பார்த்தேன். பதில் என்று எதுவும் வரவில்லை. அவள் படைத்ததையே கொண்டு வரட்டும், நான் சாப்பிட்டுவிடுகிறேன் என்று நானாகத்தான் முடிவெடுத்தேன். சபையில் தெரிந்தால் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். தொங்கவிடட்டும் என்று இருந்தது.

சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் சமையலறைக்குப் போனேன். மாமியார் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எனக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டாம், படைத்ததையே சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் துருவுவதை நிறுத்திவிட்டு, அத்தை வந்து பேசினார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியாம்மா?"

"சில நாள் நினைப்பேன் டீச்சர். சில நாள் நினைக்க மாட்டேன்."

பின் எதற்காக எடுத்து வைத்தாய் என்றேன். எந்தெந்த வீட்டிலிருந்து தன் கொழுக்கட்டை கீழே இறங்கி வந்தது என்று வாட்ச்மேன் அவளிடம் வஞ்சனையில்லாமல் சொல்லிவிடுவாராம். வருஷா வருஷம் கேட்டு வைத்திருக்கிறாள்.

"நீங்க ஒருத்தர்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னீங்க. அன்னைக்கு ரூமுக்குள்ள போய் அழுதேன். ஆனா நீங்க ஒண்ணு சொன்னா அது நிஜம்னு அப்பவே தெரிஞ்சுது. எனக்காக நீங்க மாத்திக்காதீங்க டீச்சர். அப்புறம் நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

அவளே மேலே பேசினாள். சாமிக்குப் படைத்து முடித்ததும் புதிதாக மாவு கிளறி உங்களுக்கென்று ஒரு ஈடு வேக வைக்கிறேன், சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும், அவ்வளவுதானே என்றாள். இதற்கு இத்தனை வருஷம் ஆயிற்று. இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பிற்பகலில், என் கணவர் பசிக்கிறது என்று மூன்று தடவை சொல்லி அடங்கிய பிறகு, டப்பா வந்தது. தொட முடியாத சூடு. மேஜையில் வைத்துவிட்டு அவள் உடனே போகவில்லை. அவர் டப்பாவோடு உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறாள், புருஷனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னாள்.

"இந்தத் தடவை தங்குமா டீச்சர்?"

நிச்சயம் தங்கும், ஆண்டவர் கைவிட மாட்டார் என்று சொல்ல வாய் துடித்தது. எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். கேட்டது வேறு யாராவதாக இருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

"தெரியாதும்மா" என்றேன். "தினமும் ஜெபத்துல கேக்கறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.