இணைச்சீர் போட்டோ

எங்கள் கல்யாண போட்டோவில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் பட்டுப்புடவையோடு நிற்கும் பெண் யார் என்று கனடா விசா ஆபீசிலிருந்து கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் நான் இல்லை என்பதுதான் அவர்களுடைய பிரச்சினை.

பல்லடத்தில் ஒரு கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தில் எனக்கு ஆபீஸ் வேலை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அந்த மின்னஞ்சல் வந்தது. நீங்கள் அனுப்பிய கல்யாணப் படங்கள் சிலவற்றில் உங்கள் கணவர் வேறொரு பெண்ணோடு மணக்கோலத்தில் நிற்கிறார், இருவரும் ஒரே துணியின் இரண்டு முனைகளைப் பிடித்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் என்ன உறவு, ஆதாரத்தோடு ஒரு மாதத்துக்குள் விளக்கம் தரவும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்று இருந்தது. படித்ததும் பசி போய்விட்டது. கோபம் மட்டும் வந்தது. யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறார்கள்!

கனடாவில் இன்னும் விடியாத நேரம் என்று தெரிந்தே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். தூக்கத்தோடு கேட்டவர் முதலில் சிரித்தார்.

"அக்காளையா? அட கெரகமே!"

"சிரிக்காதீங்க. நிராகரிச்சுப்போட்டா மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும், தெரியுமல்லொ?"

சிரிப்பை நிறுத்திவிட்டார். கல்யாணமாகி அவரோடு ஒரே வீட்டில் நான் இருந்தது அவருடைய ஒரு லீவு மட்டும்தான். அதற்கப்புறம் எல்லாம் போன் திரையில் பார்த்த முகம். அங்கே லேத் பட்டறையில் நின்று வேலை செய்துவிட்டு வந்து, தனியாகச் சோறு பொங்கித் தின்கிற மனுஷன். இன்னொரு தடவை காத்திருக்கச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று போன மாதம்தான் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொன்னதில்லை அது.

தப்பு எங்கள் பேரில்தான். மற்ற எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தோம். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், மெடிக்கல், அவருடைய சம்பளச் சீட்டு. நாங்கள் உண்மையான புருஷன் பெண்டாட்டிதான் என்று காட்ட வாட்ஸப் பேச்சைக் கூடக் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். அதில் பாதிக்கு மேல் "சாப்டீங்களா", "சாப்டாச்சு", "என்ன சாப்டீங்க" என்பதுதான். இதை மொழிபெயர்த்தவர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ. கல்யாண போட்டோவைப் பொறுக்கும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. தாலி கட்டுகிற படத்தில் வீடியோக்காரரின் லைட்டுக்கு அவர் கண்ணை மூடியிருந்தார். இன்னொன்றில் ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர் ஒருத்தரின் வழுக்கைத் தலை முன்னால் வந்து மறைத்தது. அவர் அழகாகச் சிரித்துக்கொண்டு நின்றதெல்லாம் இணைச்சீர் படங்களில். அவற்றைத் தாராளமாக அள்ளிப் போட்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கையோ இருந்தால் இணைச்சீர் உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் அவளையும் மணப்பெண் மாதிரி பட்டுடுத்தி, நகை போட்டு, தலை நிறையப் பூ வைத்து மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்துவார்கள். மணப்பெண் கட்டப்போகிற கூறைப்புடவை கூடையில் அவள் கையில் இருக்கும். அதன் ஒரு முனையை அவளும் இன்னொரு முனையை அவனும் பிடித்துக்கொள்வார்கள். நாளைக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளை மறக்க மாட்டேன் என்பதற்கு அது சாட்சி. நான் பொறுக்கினேன், அவர் பார்த்தார், விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கோயமுத்தூர் ஏஜெண்டும் பார்த்தார். மூன்று பேருமே இந்த ஊர்க்காரர்கள். ஒருத்தர் கண்ணுக்கும் உறுத்தவில்லை. சின்ன வயசிலிருந்து பார்த்த சங்கதி எப்படி உறுத்தும்? படத்துக்குக் கீழே "இது அக்கா" என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை.

அந்த அக்காவை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். கணவரின் அக்காவுக்கு எங்கள் பக்கம் அதுதான் முறை. சத்தியமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. வீட்டு வாசலிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் கிரைண்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அட சாமி! என்ற தம்பிக்கு என்னையே பொண்டாட்டின்னுபோட்டானா? அவனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"அவங்களுக்கு நம்ம சீரெல்லாம் தெரியாதுங்க நங்கையா."

"தெரியாட்டிக் கேக்கோணும். அதான் கேட்டிருக்கறான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். "சரி, என்ன வேணும் அம்மணி? நாளைக்கே வாரேன்."

சொன்னபடி மறுநாள் பல்லடத்துக்கு, என் அம்மா வீட்டுக்கு, மஞ்சள் பை நிறையக் காகிதத்தோடு வந்து இறங்கினார். பிறப்புச் சான்றிதழ் இல்லை, வீட்டிலேயே பிறந்தவர். ரேஷன் கார்டில் புருஷன் வீட்டுப் பேர்கள்தான். பள்ளிக்கூடச் சான்றிதழில் அப்பா பேர் இருந்தது. அந்தப் பேரில் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், அக்கா தம்பி இரண்டு பேர் பேரும் ஒரே காகிதத்தில் அரசாங்க முத்திரையோடு இருந்தால்தான் நிற்கும் என்று ஏஜெண்ட் போனில் சொன்னார். அப்புறம் அவரே கேட்டார்.

"அப்பா அம்மா ரண்டு பேரும் தவறிட்டாங்கல்லங்க? வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருப்பீங்களே, அதுல ரண்டு பேர் பேரும் இருக்குமுங்க."

நானும் நங்கையாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதை யாரும் வாங்கவே இல்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் என் மாமனார் பேரில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அவருடைய அண்ணன், அதாவது நங்கையாவின் பெரியப்பாதான் பார்த்துக்கொள்கிறார். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் தாலுகா ஆபீசுக்குப் போய் வாரிசுச் சான்றிதழ் கேட்டால், அடுத்தது பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். பங்கே கேட்காத பிள்ளை என்று நங்கையாவுக்கு அந்த ஊரில் ஒரு பேர் இருந்தது. கோயில் திருவிழா, நோம்பி என்று போனாலும் தலை நிமிர்ந்து போய்வருவது அந்தப் பேரால்தான். தம்பி கனடாவில் இருப்பதால் மனுப் போட வேண்டியதும் இவர்தான்.

"வேண்டாங்க நங்கையா, வேற வழி பாக்கலாமுங்க" என்றேன். மனசார இல்லை. வேறு வழி இல்லை என்று எனக்கே தெரியும்.

அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உடுமலை பஸ் எத்தன மணிக்கு?" என்று என் அம்மாவைக் கேட்டார்.

மனுப் போட்டோம். கிராம நிர்வாக அலுவலர் ஊரில் வந்து விசாரிக்க வேண்டும், குடும்பத்தைத் தெரிந்த பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருகிற நாளில் நானும் நங்கையாவும் போனோம். எதிர்பார்த்த மாதிரியே பெரியப்பா கையெழுத்துப் போடாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் வேலையே இல்லாத மாதிரி வந்து நின்றார்கள்.

"பங்கு வேணும்னா நேரா கேளு தாயி. எதுக்குக் கனடாக்காரனையெல்லாம் இழுக்கறே?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. போனில் அந்தக் கடிதத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"பாருங்க மாமா, இது உங்க தோப்புக்காகவா வந்திருக்குது? என்ற பொழப்பு இதுல தொங்கிட்டு இருக்குது. இவங்கள ஒரு வார்த்த சொல்றதுக்கு முன்னால..."

"நீ சித்தெ சும்மா இரு கண்ணு" என்று நங்கையா என் கையைப் பிடித்து இறக்கினார். அப்புறம் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"ஆமாங்க பெரியப்பா. பங்கு கேக்கறேன்னே வெச்சுக்கோங்க. ஊருக்குள்ளயும் அப்படியே சொல்லுங்க, நான் மறுக்கல. கையெழுத்த மட்டும் போட்டுக் குடுங்க. என்ற தம்பி அங்க ஒத்தையில கெடக்கறான்."

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேனாவை வாங்கிப் போட்டுக் கொடுத்தார். ஒரு மனுஷி இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த பேரை எனக்காக அந்த வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். நான் பின்னால் அழுதுகொண்டே போனேன். பஸ் ஸ்டாப்பில் இளநி வாங்கிக் கொடுத்து, "மூக்கத் தொடச்சுக்கோ, பாக்கறவங்க நானென்னமோ உன்ன அடிச்சுப்போட்டேன்னு நெனப்பாங்க" என்றார். பயந்த மாதிரியே ஆனது. வீடு போய்ச் சேர்வதற்குள் "அவ பங்கு கேட்டுட்டாளாமா" என்ற பேச்சு சத்தியமங்கலத்துக்கே போய்விட்டிருந்தது.

மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது சான்றிதழ் கைக்கு வந்தது. மகள், மகன் என்று இரண்டு பேரும் ஒன்றன் கீழ் ஒன்றாக. விளக்கக் கடிதத்தை நானே எழுதினேன். சீர், செனத்தி, வழிவழியாக வந்த சம்பிரதாயம் என்று இரண்டு பக்கம் எழுதி நங்கையாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"இத்தன எதுக்கு? நான் கையில சொமந்துட்டு நிக்கற சீலையத்தான அடுத்த போட்டோவுல நீ கட்டிட்டு ஒக்காந்திருக்கறே? அதையக் காட்டு. கண்ணு இருந்தா பாத்துக்கட்டும்."

எனக்குத் தோன்றவே இல்லை! ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். கூடையில் அதே அரக்குச் சிவப்பு, அதே மாம்பழக் கரை. அடுத்த படத்தில் அது என் மேல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இவர் என் கணவரின் அக்கா. இந்தப் புடவையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர். வாங்கிக் கட்டியவள் நான்" என்று எழுதி, சான்றிதழையும் சேர்த்து அனுப்பினோம்.

அதற்கப்புறம் காத்திருந்த நாட்களை எழுதி என்ன ஆகப்போகிறது. போனில் மணி அடித்தாலே ஓடிப்போய் எடுப்பேன். கடைசியில் விசா குத்தித் தருவதற்காகப் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி வந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "சாப்டீங்களா?" என்றார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நங்கையா பருப்புப்பொடியும் மாவு வடகமும் கொண்டுவந்து என் பெட்டியைத் தன் இஷ்டத்துக்குக் கலைத்து அடுக்கினார். கூறைப்புடவையை அடியில் வைத்தார். அப்புறம் வாரிசுச் சான்றிதழின் அசலை எடுத்து நீட்டினார்.

"இதையும் நீயே கொண்டு போயிரு. என்ற ஊட்டுல இருந்தா மறுக்காப் பேச்சு வளரும்."

நான் வாங்கவில்லை. அவர் மஞ்சள் பையிலேயே திருப்பி வைத்தேன். "இது உங்களுதுங்க நங்கையா. கெட்ட பேர் எனக்காக வாங்கியாச்சு. அதுக்குண்டான பங்கையும் வாங்கிக்கோங்க. பங்குப் பத்திரத்துல முதல் கையெழுத்து உங்க தம்பி போடுவாரு. நேத்தே கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. அவர் போடாட்டி நான் அங்கிருந்து திரும்பி வந்துருவேன்னும் சொல்லிப்போட்டேன்."

"நல்லா வந்தே போ, இதுக்கா உன்ன அனுப்பறேன்?" என்று திட்டினார். ஆனால் பையிலிருந்து அதை மறுபடி எடுக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வடகப் பொட்டலத்தை இன்னொரு தடவை இறுக்கிக் கட்டினார்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் பயணிகள் மட்டும் உள்ளே போகிற வாசல் வரைக்கும் நங்கையாவும் வந்தார். என் அம்மா அழுதாள், அப்பா பெட்டியை எண்ணிக்கொண்டே இருந்தார். நங்கையா மட்டும் எதையோ யோசித்துக்கொண்டு நின்றவர் சட்டென்று சொன்னார்.

"ஏனம்மணி, அத்தாப்பெரிய ஆல்பத்துல நீயும் நானும் சேந்தாப்புல ஒரு போட்டோ இல்ல, கவனிச்சியா? அவன் ரண்டு பக்கமும் மாத்தி மாத்தி நின்னிருக்கறோம். இப்ப ஒண்ணு எடுத்துரலாம்."

அப்பா எடுத்தார். கொஞ்சம் சாய்ந்து வந்தது. நங்கையா என் தோளில் கை போட்டிருக்கிறார், நான் அழுது வீங்கிய மூஞ்சியோடு சிரிக்கிறேன்.

இங்கே கனடாவில் எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிற ஒரே படம் அதுதான். வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிறார்கள், பக்கத்தில் நிற்பது யார் என்று. இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தவர் என்று சொல்கிறேன்.