கோடு நகரணும், முருகா

ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்தவர்களுக்குத் தெரியும்: துடைக்காவிட்டால் திட்டு, துடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய திட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், பிள்ளைகள் தலையெடுத்தபின், விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலேறி திண்டிவனத்துக் கல்லூரியில் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூச்சு

அங்கே பாதரசத் தொட்டியில், பலகைமேல் ஒரு பெரிய கல் மிதந்தது. ஒரே விளக்கொளியை இரண்டாகப் பிரித்து, கல்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டு, கண்ணாடியால் திருப்பிச் சேர்ப்பார்கள். சேருமிடத்தில் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள். கல்லைச் சுற்றும்போது கோடு நகர்ந்தால் வெளிச்சத்துக்குத் திசைக்கொரு வேகம். நகராவிட்டால் எல்லாத் திசையும் ஒன்று. புரொபசர் ஐயா இரண்டு வருஷமாக அது நகரக் காத்திருந்தார்.

ஆசையாக எட்டிப் பார்த்தேன். கோடெல்லாம் நெளிந்தது. டெமான்ஸ்ட்ரேட்டர் கோவிந்தன் கத்தினார்: "யம்மா, பெருமூச்செல்லாம் வூட்டுலயே வுட்டுட்டு வாங்க!"

வண்டி

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை வண்டி தெருவில் போனாலும் கோடு நடுங்கும். மெல்லப் போகச் சொல்ல என்னை அனுப்பினார்கள். கும்பிட்டுக் கேட்டேன். வண்டிக்காரர் ஒருவர் இறங்கி, மாட்டின் கழுத்துமணியைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியமாகக் கேட்டார்: "உள்ள தலைப்பிரசவமாங்க?"

பொட்டலம்

ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மயிலம் முருகனை வேண்டி, விபூதிப் பொட்டலத்தை மஞ்சள் துணியில் முடிந்து, பலகையின் ஒரு முனைக்கடியில் யாருக்கும் தெரியாமல் கட்டினேன். மறுநாள் கல்லைச் சுற்றினார்கள். கோடு நகர்ந்தது! ஐயா கைதட்டிச் சிரித்தார். பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

முருகனுக்கு நன்றி சொல்லப் போனேன், சந்தேகம் முந்திக்கொண்டது. நகர்த்தியது அவனா, பலகையை ஒருபக்கம் சாய்த்த பொட்டலத்தின் பாரமா? மூன்று நாள் ரயிலில் இடமிருந்தும் உட்கார முடியாமல் நின்றே வந்தேன். நான்காம் நாள் ஐயா கட்டுரையை உறையில் போட்டு, ஒட்டப் பசை கேட்டார். "ஒரு பாவம் பண்ணிட்டேங்க" என்று பொட்டலத்தை அவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

கோவிந்தன் கல்லைச் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பத்துச் சுற்று. கோடு அசையவில்லை. வேலை போயிற்று என்று சுவரோரம் நின்றேன். ஐயா உறையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்தார்: "வெளிச்சத்துக்கு எந்தத் திக்குமேலயும் ஓரவஞ்சனை இல்லம்மா, இனிமே அதையே எழுதறேன், முருகனை மட்டும் வூட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க."

ஒன்றும் நகரவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் நாங்கள் மூன்று பேரும் அந்த ஆட்டம் ஆடினோம்.