ரோஜாவின் வீட்டு விசாரணை

“ஒண்ணும் பண்ணலையே, அதுவாத்தான் நின்னு போச்சு” என்று வீட்டுக்காரர் சொல்லி முடிப்பதற்குள் ரோஜா தோள்பையைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள். பெட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஆட்களைப் பார்க்க வேண்டும். “எல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. பெரியவங்க மொதல்ல” என்கிறாள். வீட்டுக்காரர் முழிக்கிறார். ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டால் போலீஸ் வந்திருக்கிறதே என்று அவருக்குத் திகைப்பு.

திருப்பதியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எல்லாரும் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைவார்கள். ரோஜாவின் கட்சி வேறு. பெட்டி தானாகக் கெடாது, கெடுத்தவர் அந்த வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறார், அவர் வாயைத் திறந்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது என்பது அவள் சித்தாந்தம். “ஒயரு பொய் சொல்லாது மாமி. ஊட்டுக்காரங்கதான் சொல்வாங்க” என்பாள். தெலுங்குக் குடும்பமாக இருந்தால் குரலைத் தாழ்த்தி, “செப்பண்டி, நேனு எவரிகீ செப்பனு” என்று ஆரம்பிப்பாள். சொல்லுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அர்த்தம். அன்று சாயங்காலமே நாலு வீட்டில் சொல்லிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

பிறந்தது தடாவுக்குப் பக்கத்தில். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வரிசையில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருந்தாள். வேலை பிடித்திருந்தது, கைவேலையும் சுத்தம். ஆனால் வரிசையில் பேசக்கூடாது என்று அங்கே ஒரு சட்டம். “எங்க நைனாவே என் வாய மூட முடியல, இவன் யாரு மூடறதுக்கு?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கிவிட்டாள்.

அவள் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்று. மெமரி கார்டின் பித்தளை நிறப் பல்லை அதனால் தேய்த்துத் திரும்பச் செருகினால் செத்த கம்ப்யூட்டர் பிழைத்துக்கொள்ளும். தூசு தட்ட ஒரு பெயின்ட் பிரஷ். கழற்றிய திருகாணிகளைப் போட்டுவைக்கப் பிரசாதத் தொன்னை ஒன்று. எந்த ரிப்பேருக்குப் பிறகும் அந்தத் தொன்னையில் ஒரு திருகாணி மிஞ்சும். கேட்டால், “கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டு அனுப்பிக்கிறான்” என்று கூசாமல் சொல்வாள். தப்பு செய்ததாக அவள் ஒப்புக்கொண்டதை இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

ஆனால் மற்றவர்களை ஒப்புக்கொள்ள வைப்பாள். அதில் கில்லாடி! பைராகிப்பட்டேடாவில் ஒரு வீட்டில் கீபோர்டு வேலை செய்யவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு எல்லாம் உண்டு, கஞ்சிதான் ஆகாரம் என்று மனைவி சத்தியம் செய்தாள். ரோஜா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினாள். எண்ணெயில் ஊறிய தோசைப் பொடி பொலபொலவென்று உதிர்ந்தது. “எங்கேர்ந்து வாங்கித் துன்றீங்க சார்?” என்று மட்டும் கேட்டாள். மனிதர் கண்கலங்கி, கடை பேரோடு சொல்லிவிட்டார்.

ஸ்ரீசிட்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் எழிலரசன் என்ற பையன், இன்டர்நெட் ஊர்ந்துபோகிறது என்று கூப்பிட்டான். கனெக்ஷன் மட்டம், கம்பெனி மட்டம், ஊரே மட்டம் என்று அடுக்கினான். ரோஜா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாஸ்வேர்ட யாருக்குக் குடுத்த?” என்றாள். மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்திருந்தான். அவள் தன் தம்பிக்குக் கொடுத்தாள். தம்பி தெருவுக்கே கொடுத்துவிட்டான். “காதலுக்குக் குடுத்த, ஊரே சினிமா பாக்குது” என்று சொல்லிப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்தாள்.

இப்படிப்பட்ட ரோஜாவுக்கு வடக்கு மாட வீதியில் போன மாதம் ஒரு நாள் வாய்த்தது.

வரலக்ஷ்மி மாமி காலை பத்து மணி சுமாருக்குப் போன் செய்து, “உடனே வாடிம்மா, நெட் வரலை” என்று சொல்லிவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். ரோஜா போய் இறங்கியபோது மாமி புதுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாமியின் கணவர் ஹயக்ரீவன் கோயிலில் பிரபந்த கோஷ்டியில் பாசுரம் சேவிக்கிறவர். அன்றைக்குக் காலைக் கைங்கரியம் முடித்து, வீட்டில் பெருமாள் திருவாராதனமும் முடித்து, சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தார். கோயிலில் பாடும்போது தவிர மற்ற நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார். யார் என்ன செய்தாலும் அதற்கு அவரிடம் ஒரு வியாக்கியானம் உண்டு.

“எல்லாரும் வெளிய போங்க. சாமி, நீங்க மொதல்ல” என்றாள் ரோஜா.

ஹயக்ரீவன் கம்ப்யூட்டர் வாங்கின கதையிலிருந்து தொடங்கினார். பாதியில் ரோஜா கையைக் காட்டி நிறுத்தி, “பஞ்சாங்கம் பாக்கறேன்னு சொல்லிக்கினு இதுல இன்னா பண்றீங்க?” என்று ஒரு போடு போட்டாள். வேறு வீடுகளில் பலித்த கேள்வி, இங்கேயும் பலித்தது. அவர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, “சீட்டு ஆடுவேன். காசு வெச்சில்லே, சும்மாத்தான். அவகிட்ட சொல்லிடாதே” என்றார். சீட்டாடினால் இன்டர்நெட் போகாது. ரோஜா அவரை விடுதலை செய்துவிட்டு மாமியை உள்ளே கூப்பிட்டாள்.

மாமி உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“நான் ஒண்ணும் பண்ணலைடி. ஆனா ஒண்ணு சொல்லணும். பதினோரு மணிக்கு இதுல என்னைக் கூப்பிடுவா. கதை படிச்சு ரெக்கார்டு பண்ற ஒரு கம்பெனி. தமிழும் தெலுங்கும் சரளமா வாசிக்கத் தெரிஞ்ச பொம்மனாட்டி வேணுமாம். எழுதிப் போட்டேன். இன்னிக்கு வாசிச்சுக் காட்டணும்.”

“வேலையா மாமி?” ரோஜாவுக்கு வாய் பிளந்துவிட்டது. “சாமிக்குத் தெரியுமா?”

“தெரியாது. சொன்னா சிரிப்பார். சிரிச்சார்னா நான் விட்டுடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? கல்யாணமான நாள்லேர்ந்து தினம் இவருக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டறது நான்தான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நன்னா வாசிச்சேன்னு சொல்லியிருப்பாரா?” மாமி வாசல் பக்கம் கையைக் காட்டினார். “வாசல்ல போனா செல்போன்ல சிக்னல் வரும். ஆனா அங்க நின்னு வாசிச்சா தெருவே வந்து நிக்குமே.”

ரோஜாவுக்கு அந்தக் கணமே மாமியை அளவில்லாமல் பிடித்துப்போயிற்று. திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. வைஃபைதான் சுத்தமாக இல்லை.

“அந்த டப்பா எங்க மாமி? லைட்டு மின்னிக்கினு இருக்குமே.”

“பெருமாளுக்குப் பின்னாடி ஏளியிருக்கு” என்றார் மாமி, டப்பாவும் பெருமாளோடு எழுந்தருளியிருக்கிற தினுசில்.

ரோஜா கூடத்துக்கு வந்து பார்த்தாள். நடுச்சுவரைக் குடைந்த மாடத்தில் பெருமாள். அந்த வீட்டில் அதற்குக் கோயிலாழ்வார் என்று பெயர். மூன்று பக்கமும் முழங்கை தடிமன் சுவர். நாலாவது பக்கம், முந்தின நாள்தான் ஹயக்ரீவன் ஆசை ஆசையாகப் போட்டிருந்த புதுக் கதவு, மேலே கெட்டிப் பித்தளைத் தகடு, அதில் சங்கு சக்கரம். உள்ளே பெருமாளுக்கு முதுகுப் பக்கம் இன்டர்நெட் டப்பா சிறைப்பட்டுக் கிடந்தது. பூஜை நேரத்தில் கதவு திறந்திருந்தால் நெட் வரும், சாத்தினால் போய்விடும்.

“யாரு இத அங்க வெச்சது? எந்தப் புத்திசாலி? சொல்லுங்க, யாரு?” என்று ரோஜா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூவினாள்.

“நீதான்” என்றார் மாமி.

“நானா?”

“போன தடவை வந்தப்போ நீதானேடி சொன்னே. தரையில வெக்காதீங்கோ, ஒசக்க வெய்ங்கோ, ஆத்துக்கு நட்டநடுவுல வெய்ங்கோன்னு. இந்த ஆத்துல ஒசக்கவும் நடுவுலயும் இருக்கறவர் அவர் ஒருத்தர்தானே? சீரியல் பல்புக்குப் போட்ட பிளக்கும் அங்கயே இருக்கு.”

குற்றவாளி வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள்! “நடுவுலன்னுதான் சொன்னேன், சாமி முதுகுலயா வெக்கச் சொன்னேன்?” என்று முனகிப் பார்த்தாள். மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

ரோஜா கதவின் கைப்பிடிக்குக் கையை நீட்டினாள். “தொடாதே!” என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் அலறினார்கள். குளித்து, மடியாக இருந்தால்தான் அங்கே கை வைக்கலாம். ரோஜா ஸ்கூட்டரில் ஊரெல்லாம் சுற்றி வந்தவள். மாமி டிபன் சாப்பிட்டாயிற்று. பெருமாளைத் தொடும் அதிகாரம் ஹயக்ரீவனுக்குத்தான், அவரும் சாப்பிட்டாயிற்று.

“சாமி, இன்னொரு தபா குளிச்சிட்டு வந்து தொறங்க.”

“இப்போவா? எதுக்கு? சாயங்காலம் எப்படியும் திறப்பேன், அப்போ பார்த்துக்கலாம். இன்டர்நெட் இல்லேன்னா என்ன குடியா முழுகிடும்? அந்தக் காலத்துல…” என்று அவர் வியாக்கியானத்துக்குத் தயாரானார்.

மாமி புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கினார். இது மாமி சொல்ல வேண்டியது என்பது ரோஜாவுக்குத் தெரிந்திருந்தது. ‘சொல்லு மாமி, சொல்லிடு’ என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“எனக்கு ஒரு வேலைக்குப் பரீட்சை இருக்கு, பதினோரு மணிக்கு” என்றார் மாமி, தரையைப் பார்த்துக்கொண்டு. “கதை வாசிக்கற வேலை. சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடுங்கோ.”

ஹயக்ரீவன் வாயைத் திறந்தார். ரோஜாவுக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. “சாமி! எது சொல்றதா இருந்தாலும் தண்ணிய ஊத்திக்கினே சொல்லுங்க!” என்று கத்தினாள். அவர் ரோஜாவைப் பார்த்தார், மனைவியின் முறுக்கிய கையைப் பார்த்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினார். வயசுக்கு அவ்வளவு வேகம் கூடாது.

கிணற்றடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு வந்து பெருமாளைக் கும்பிட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். கம்ப்யூட்டரில் வைஃபை முளைத்தது. மாமி “வந்துடுத்து!” என்று கத்தினார். புதுக் கதவு கிறீச்சென்று தானாகச் சாத்திக்கொண்டது. வைஃபை போயிற்று. மறுபடி திறந்தார், வந்தது. கையை எடுத்தார், போனது.

டப்பாவைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட இனி நேரமில்லை. நீளமான வயர் ஒன்று இருந்தால் கம்ப்யூட்டர் வரைக்கும் இழுத்துவிடலாம். ரோஜாவிடம் இருந்த ஒன்றையும் கொர்லகுண்டாவில் யார் வீட்டிலோ போட்டுவிட்டு வந்திருந்தாள். “பிடிச்சிக்கினே நில்லுங்க சாமி. அசையாதீங்க” என்றாள்.

கம்ப்யூட்டரில் மணி அடித்தது. திரையில் ஒரு பெண் முகம் தெரிந்தது. “மேடம், நீங்க படிக்கறத இப்பவே பதிவு பண்ணுவோம். பின்னாடி எந்தச் சத்தமும் வரக்கூடாது, சரியா? இந்த ஒரு பதிவத்தான் மேல அனுப்புவோம்” என்றது. மாமி தலையாட்டினார். ஹயக்ரீவன் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, குளிரில் பல் கிட்ட, மூச்சுக்கூட விடாமல் நின்றார். அந்த மனிதர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து ரோஜா பார்த்ததில்லை.

மாமி வாசிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி தடுமாறியது. மூன்றாவது வரியில் குரல் பிடித்துக்கொண்டது. கதையில் ஒரு கிழவி சந்தையில் ஆடு வாங்கப் போகிறாள். மாமி கிழவியாகவே ஆகிவிட்டார், அப்புறம் ஆட்டுக்காரன் ஆனார், பிறகு ஆடாகவும் ஆனார். அடேயப்பா, இவ்வளவையும் ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டா இத்தனை நாள் பேப்பர் வாசித்தார்! ரோஜா மெய்ம்மறந்து நின்றாள்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அது கேட்டது. ஆட்டோவின் மேல் கட்டிய ஒலிபெருக்கி. “பாத கம்ப்யூட்டர்லு, பாத டீவீலு, பாத ஃபேன்லு கொண்டாம்! கொண்டாம்!” பழைய சாமான் எல்லாம் வாங்குகிறோம் என்று ஒரு ரெக்கார்டு செய்த குரல், ஊரையே எழுப்பிக்கொண்டு வீட்டை நோக்கி வந்தது. மாமியின் கண் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போயிற்று. ஹயக்ரீவன் கதவை விட முடியாமல் தவித்தார்.

ரோஜா செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். இரண்டு கையையும் விரித்து ஆட்டோவை மறித்தாள். டிரைவர், “ஏமி மேடம், கம்ப்யூட்டர் உந்தா?” என்றான், விற்கக் கம்ப்யூட்டர் இருக்கிறதாக்கும் என்று நினைத்து. குரல் விட்டால் அதுவும் பதிவில் விழும். ஊர் வாயெல்லாம் பிடுங்கிய ரோஜா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டோவின் படியில் தாவி ஏறி, தோளிலிருந்த துப்பட்டாவை உருவிச் சுருட்டி, கத்திக்கொண்டிருந்த ஒலிபெருக்கியின் வாய்க்குள் முழங்கை வரை திணித்து, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து மாமியின் குரல் தடங்கலில்லாமல் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.