கை படக் கூடாத பெட்டி

பூட்டிய பூட்டை மூன்றாவது முறையாக இழுத்துப் பார்க்கிறார் தராசுக்காரர். இழுத்தால் மட்டும் போதாது, அதைப் பிடித்துக் கொஞ்சம் தொங்கவும் வேண்டும். ஆள் ஒல்லி என்பதால் பூட்டுக்கு ஆபத்தில்லை. பிறகு நாலு எட்டு நடந்து, சட்டென்று திரும்பி, அதை ஒரு முறை முறைக்கிறார். தலை மறைந்ததும் அது தானாகத் திறந்துகொள்ளும் என்று அவருக்குத் திடமான எண்ணம்.

வயது அறுபத்தெட்டு. தெருவைப் பார்த்தபடி தராசு பழுதுபார்க்கும் கடை, அதன் பின்னால் வீடு, மேலே வாடகைக்கு விடுகிற ஒற்றை அறை. அவரும் தங்கையும்தான். தங்கைக்கு ஐம்பத்தாறு வயது, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவருக்கு இன்னும் பாப்பாதான். பால் பாக்கெட்டை வாங்கினால் எடை போடுவார். மருந்துக்கடைக்காரர் மாத்திரையை எண்ணிக் கொடுத்தால், அவர் எதிரிலேயே திரும்ப எண்ணுவார். ஊரிலுள்ள தராசெல்லாம் பொய் சொல்கிறது என்கிற நம்பிக்கையில்தான் அவருக்குச் சோறு. மனிதர்களுக்கு மட்டும் சலுகை கொடுப்பாரா என்ன?

கடையின் நடு அலமாரியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அடியில் நீல வெல்வெட் துணி விரித்து, மேலே பித்தளை எடைக்கற்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். மற்ற எடைகளைச் சரிபார்க்க வைத்திருக்கும் மூல எடைகள் அவை. விரல் பட்டால் வியர்வை ஒட்டிக் கணக்கு மாறிவிடும் என்று இடுக்கியால்தான் எடுப்பார். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப்பையில் அவருக்கு இடுக்கி. அந்தப் பெட்டிப் பக்கம் யார் நிழல் விழுந்தாலும் "கை படக் கூடாது!" என்று ஒரு குரல் வரும். கடையைத் தினமும் துடைக்கிற தங்கைகூட அதைச் சுற்றித்தான் துடைப்பார். "தொட்டா அண்ணனுக்கு வாசனையிலேயே தெரிஞ்சிடும்" என்று சிரிப்பார்.

இந்த வீட்டுக்கு நாங்கள் படம் எடுக்கப் போனோம். நான் வசனம் எழுதுகிறவன். முப்பது வருடங்களுக்கு முன்னால் அந்த மாடி அறையில் நாலு வருடம் குடியிருந்த ஓர் எழுத்தாளர், பிறகு எங்கோ போய் ஒரு நாவல் எழுதினார். மாடியில் குடியிருக்கும் ஒருவனுக்கும் வீட்டுக்காரரின் தங்கைக்கும் சொல்லாமலே வளர்ந்த பிரியம்தான் கதை. எழுத்தாளர் இறந்துவிட்டார். கதை பிறந்த வீட்டிலேயே படத்தையும் எடுக்கவேண்டும் என்று எங்கள் இயக்குநர் ஒற்றைக்காலில் நின்றார். தராசுக்காரரோ ஒப்பந்தத் தாளை மூன்று நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் படம் அவசரமே இல்லாத படம். ஒருவன் மாடிப்படி ஏறுவதற்கே நாலு நிமிடம் ஆகும். இவர் கைகட்டி நின்று பார்த்தார். "இவ்வளவு நேரம் ஏறுறானே, அவனுக்கு மூட்டுவலியா?" என்று கேட்டார். அவருக்கு எங்கள் மேல் அடி முதல் நுனி வரை சந்தேகம். காலையில் உள்ளே போகும் ஆட்களை எண்ணுவார், மாலையில் வெளியே வருகிறவர்களை எண்ணுவார். அலமாரிக் கதவு இடுக்கில் ஒரு நூல் வைத்து, அது விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். காமிராவின் முன்னால் குனிந்து, "இது படம் மட்டுந்தான் எடுக்குதா?" என்று ஒளிப்பதிவாளரைக் கேட்டார். ஒளிப்பதிவாளர் முகத்தில் ஈயாடவில்லை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் விளக்குக்காரர் ஒருவர் சும்மா இருக்கமாட்டாமல், "நாவல்ல வர்ற வீட்டுக்காரர் நீங்கதானாமே சார்?" என்று கேட்டுவிட்டார். மறுநாளே தராசுக்காரர் அந்த நாவலை வாங்கிவந்து, காதில் பென்சிலோடு கடையில் உட்கார்ந்தார். வாழ்நாளில் அவர் படித்த முதல் நாவல். படித்தார் என்று சொல்வதைவிட, எடை போட்டார் என்று சொல்லலாம்.

"எழுத்துக்காரரே, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். "மாடிப்படி பதினாலுன்னு எழுதியிருக்கான். பதினேழு. வாங்க, எண்ணிப் பாக்கலாம்."

எண்ணினோம். பதினேழுதான்.

"வீட்டுக்காரன் அடுத்தவன் கடுதாசியைப் பிரிச்சுப் படிக்கிறானாம். நான் ஒருநாளும் பிரிச்சதில்ல. முழுப் பொய்!"

புத்தகத்தின் ஓரமெங்கும் பென்சிலால் 'பொய்', 'பொய்' என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து படப்பிடிப்பின் நடுவிலும் புகுந்து திருத்த ஆரம்பித்தார். சுவிட்சு இடது பக்கம், குடை ஆணியில் இல்லை கதவுக்குப் பின்னால், ஜன்னலை இப்படித் திறந்தால் திறக்காது, ஒரு தட்டுத் தட்டவேண்டும். இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே மாற்றினார்.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நான் அந்தப் புத்தகத்தைப் புரட்டினேன். கதையின் முக்கியமான இடம் ஒன்று உண்டு. வீட்டைக் காலிசெய்யும் அன்று குடியிருப்பவன் ஒரு கடிதத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறான். தங்கையிடம் சேர்க்கச் சொல்கிறான். போன ஊரில் மூன்று மாதம் பதிலுக்குக் காத்திருக்கிறான், வரவில்லை. கடிதம் என்ன ஆயிற்று என்று நாவல் சொல்லவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் மட்டும் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை. படியின் எண்ணிக்கையைச் சும்மா விடாத மனிதர் இங்கே ஏன் வாய் திறக்கவில்லை? அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தங்கை அந்த நாவலைப் படித்ததில்லை. "எனக்கெதுக்கு? வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போனவர் எழுதின கதைதானே" என்றார் என்னிடம். பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "கதையில வர்ற தங்கச்சிகிட்டயாவது சொல்லிட்டுப் போறாரா?" என்று கேட்டார். படம் வரும்போது பாருங்களேன் என்று மழுப்பிவிட்டேன். எனக்கே என்மேல் கோபமாக இருந்தது. முப்பது வருடக் கேள்விக்கு நான் யார் பதில் சொல்ல? சொல்லவேண்டியவர் பக்கத்து அறையில் இடுக்கியோடு உட்கார்ந்திருந்தார்.

கடிதக் காட்சி எடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. நாவல் சொல்லாததைப் படம் காட்டியாக வேண்டும் என்று, வீட்டுக்காரர் கடிதத்தை ஒளித்துவைப்பதாக நான்தான் எழுதியிருந்தேன். இடம், கடையேதான். அவராக நடித்தவர் கடிதத்தைக் கொண்டுபோய்ச் சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் செருகினார். விடுமுறையில் வீட்டிலிருந்த தங்கை எல்லோருக்கும் தேநீர்த் தட்டோடு வந்து, வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" தராசுக்காரர் காமிராவுக்கு முன்னால் வந்துவிட்டார். "கடிகாரத்துக்குப் பின்னால எவனாவது வைப்பானா? வாரத்துக்கு ஒருதரம் பாப்பா அதுக்குச் சாவி குடுப்பா. அன்னிக்கே கையில சிக்கிடாதா?"

"அப்ப எங்க வைக்கலாம் சார்?" என்றார் இயக்குநர். வேண்டுமென்றேதான் கேட்டாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

தராசுக்காரர் நடிகரின் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கினார். அலமாரியிலிருந்து மரப்பெட்டியை இறக்கித் திறந்தார். சட்டைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்து வெல்வெட்டின் ஓரத்தைத் தூக்கினார், கடிதத்தை அடியில் தள்ளினார். எல்லாம் அரை நிமிடத்தில், கை பழகிய வேலை மாதிரி முடிந்தது.

"இங்க வச்சா முப்பது வருஷம் ஆனாலும் எவ கண்ணுலயும் படாது" என்றார், ஒரு தப்பைத் திருத்திய திருப்தியோடு.

சொல்லி முடித்த பிறகுதான் வாசற்படியைப் பார்த்தார்.

தங்கை தட்டைக் கீழே வைத்தார். நடந்துவந்து மேசையருகில் நின்றார். பெட்டியிலிருந்து ஓர் எடைக்கல்லை வெறும் விரலால் எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும். "கை படக் கூடாது" என்ற குரலுக்காக நான் காத்திருந்தேன், வரவில்லை. கடைசிக் கல்லும் வெளியே வந்தது. தங்கை, துணியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த எங்கள் கடிதத்தை உருவிப் போட்டார். அப்போதும் துணி படியவில்லை. நடுவில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றார் தங்கை.

துணியைத் தூக்கப் பார்த்தார். ஓரத்தைத் தாண்டி, பழைய துணி மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நகம் இரண்டு முறை வழுக்கியது. தராசுக்காரர் தலையைத் தூக்காமல், யார் கையிலும் இதுவரை கொடுத்திராத இடுக்கியைத் தங்கையிடம் நீட்டினார்.