மாடியறைக் கணினி

கல்முனையில் மணப்பெண் உடுப்புகளை வாடகைக்கு விடும் கம்பனி ஒன்றின் மாடியில் வேலை செய்கிறேன். மாடிக்கு ஆண்கள் ஏறக்கூடாது. முதலாளி ஹாஜியாரே படிக்கட்டின் அடியில் நின்றுதான் கூப்பிடுவார். மேலே வந்ததும் பெண்கள் அபாயாவைக் கழற்றி, முடியை விரித்துவிட்டுக் கண்ணாடி முன் நிம்மதியாகச் சிரிப்பார்கள். உடுப்பு திரும்பி வரும்போது கல் உதிர்ந்திருந்தால் சண்டை வருமே என்று, ஒவ்வொருத்தியையும் உடுத்திய கோலத்தில் படம் பிடித்துக் கணினியில் போட்டுவைப்பது கம்பனி வழக்கம்.

மாவடிப்பள்ளியிலிருந்து வந்த ஒரு பெண் கமராவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். கைபேசியில்கூடத் தன்னைப் படம் பிடிக்க யாரையும் விட்டதில்லையாம். கம்பனிச் சட்டம் என்று கெஞ்சித்தான் சம்மதிக்க வைத்தேன்.

"ராத்தா, இத வேற ஆரும் பாக்க மாட்டாங்கதானே?" என்று கேட்டாள்.

"இந்த மாடிய விட்டு வெளிய போகாது தங்கச்சி" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த நோன்பில் கம்பனிக்குப் புதுக் கணினிகள் வந்தன. பழையதை விற்று என்ன காணப் போகிறோம், ஸதகாவாக, தருமமாகக் கொடுத்தால் நன்மையாவது கிடைக்கும் என்று ஹாஜியார் அவற்றை ஒரு வாலிபர் சங்கத்தின் கணினி வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். நான் லீவில் நின்ற அன்று மாடியறைக் கணினியும் போய்விட்டது. மாடிக்கு ஓர் ஆணை ஏறவிடாமல் காத்த மனுஷன், மாடியையே தூக்கி ஆண்கள் கையில் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, படங்களையெல்லாம் அழித்தாகிவிட்டது என்றார். எனக்கும் அது போதுமாக இருந்தது.

பிறகு ஒருநாள் அந்த மாவடிப்பள்ளிப் பெண் தலைப்பிரசவத்தில் மவுத்தானாள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஜனாஸா வீட்டுக்குப் போனேன். பெண்களே குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றினார்கள். அந்நிய ஆண் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. கப்றுக் குழியில் இறக்கும்போதுகூட மேலே துணி பிடித்தார்கள் என்று பின்னர் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து அவளுடைய கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டின் அடியில் வந்து நின்றார்.

"ஒரு படம் இருந்தாத் தாங்க ராத்தா. புள்ளைக்கு உம்மாட முகத்தக் காட்டணும்."

அழித்துவிட்டோம் என்று அவரை அனுப்பிவிட்டேன். மனம் கேட்கவில்லை. கணினி திருத்துகிறவரிடம் விசாரித்தேன். அழித்த படம் உள்ளேதான் கிடக்கும், விஷயம் தெரிந்த யாரும் சுலபமாகத் திருப்பி எடுத்துவிடலாம் என்றார். முதலில் சந்தோஷப்பட்டேன். 'யாரும்' என்ற சொல் மெதுவாகத்தான் உறைத்தது.

சங்கத்துக்கு ஓடினேன். அந்த ஒரு கணினி வேலை செய்யவில்லை என்று பழைய இரும்பு லொறிக்குப் போட்டுவிட்டார்களாம். எந்த ஊர் லொறி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று படிக்கட்டில் நின்று ஹாஜியாரை நான் ஏசிய ஏச்சுக்கு, வேறு முதலாளி என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது உடுப்பை மட்டும் தொங்கவிட்டுப் படம் பிடிக்கிறோம். கழிக்கும் கணினியில் படங்கள் பதிந்திருக்கும் தட்டை எங்கள் கண்முன்னே துளைபோட்டு, மிச்சத்தை மின்கழிவு பிரிக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறோம். மற்றக் கடைக்காரர்கள் வந்து பார்த்து மெச்சுகிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவன் கைபேசியைப் பார்த்துச் சிரித்தால் நான் எட்டி அந்தத் திரையைப் பார்க்கிறேன்.

இப்போது சிறுமிகளின் உடுப்பும் வாடகைக்கு விடுகிறோம். போன பெருநாளைக்கு அந்தப் பெண்ணின் கணவர், ஐந்து வயதாகிவிட்ட மகளுக்கு உடுப்பு எடுக்க வந்தார். பிள்ளை மட்டும் மாடிக்கு ஏறி வந்தாள். நல்ல வாயாடி. சட்டையை மாட்டிவிடும்போது, உம்மாவின் படம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அப்ப ஆர்ட்ட இருக்கு?"

நான் குனிந்து அவளுடைய பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே இருந்தேன்.