நல்லூருக்குக் கொடுத்த பலம்

இரண்டாயிரத்து ஒன்பது கோடையில் நான் பெரும்பாலும் பிரித்தானியனாக இருந்தேன். அலுத்தால் உரோமன். கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரனாகவும் இருந்து பார்த்தேன். வேலைத்தலத்தில் நாள் முழுக்க அவர்களோடு மாரடிப்பது போதாதென்று அதையும் விட்டுவிட்டேன். கணினியில் ஆடும் ஒரு போர்த்தந்திர விளையாட்டைத்தான் சொல்கிறேன். உலக வரைபடம் விரியும். ஒரு நாட்டைத் தெரிவுசெய்து, நகரங்கள் கட்டி, படை சேர்த்து, அயலவனை அடக்கி, கடைசியில் மற்றவர்களைவிடப் பெரியவனாக நின்றால் வெற்றி.

ஊரில் போர் முடிந்த அந்த மே மாதத்துக்குப் பிறகு நான் செய்தி பார்ப்பதை நிறுத்தியிருந்தேன். பிளாஸ் து கிளிஷியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து மூன்று மணிக்கு விடுவார்கள், ஆறு மணிக்குத் திரும்பி நிற்க வேண்டும். இந்த இடைவெளியைக் கூப்பூர் என்போம். வில்லியே லே பெல்லில் இருக்கும் வீட்டுக்குப் போய்வர நேரம் காணாது. மெத்ரோ ரயிலில் ஐந்தாவது நிறுத்தம் லா சப்பல், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த இடம். இறங்கி நடந்தால், ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் தலைப்பில் ஒரு சாப்பாட்டுக்கடை. கடைக்கார அண்ணை ஒரு தேத்தண்ணிக்கு மூன்று மணித்தியாலம் இருக்க விடுவார். மடிக்கணினிக்கு மின்சாரம் எடுக்கக்கூடிய பின்மேசை எனக்கென்றே ஆகிவிட்டது.

அந்த விளையாட்டில் நாங்கள் இல்லை. இந்தியா இருந்தது; மொத்தத்துக்கும் ஒரே நிறம், ஒரே அரசன், ஒரே மொழி. அதற்குக் கீழே எங்கள் தீவு, மாங்கொட்டை அளவில், சாம்பல் நிறத்தில், ஆளில்லாமல் கிடந்தது. ஆளில்லாத நிலத்திலிருந்து இடைக்கிடை காட்டுமிராண்டிகள் முளைப்பார்கள். அதுதான் விளையாட்டின் விதி. ஆக, நான் பிரித்தானியனாக இருந்து கப்பல் ஓட்டும்போது எங்கள் ஊர்ப்பக்கமிருந்து கோடரியோடு நாலு பேர் படகேறி வந்து என் துறைமுகத்தைக் கொளுத்துவார்கள். நான் பீரங்கியால் அடித்துக் கொல்வேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அந்த மேசையில்தான் அவனைச் சந்தித்தேன். தமிழ்நாட்டுப் பொடியன், கணினியில் ஆராய்ச்சி செய்ய வந்தவன், என்னைவிட ஆறேழு வயது இளையவன். தோசை தின்னும் சாட்டில் வந்து என் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணா, நீங்க எந்த நேஷன்?" என்றான்.

"இப்ப பிரித்தானியா," என்றேன்.

"ஐயோ, அவனுங்களா? நான் சோழாவை உள்ள சேர்த்திருக்கேன்ணா. ஃபுல்லா நானே பண்ணினது. தரட்டுமா?"

அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது, விளையாட்டில் இல்லாத நாடுகளை ஆட்கள் தாங்களே செய்து இணையத்தில் போடுகிறார்கள் என்று. மொட் என்பார்களாம். அவனுடைய சோழர்கள் அழகாக இருந்தார்கள். கொடி, கப்பல், கோபுரம், அரசன் பேசும் தமிழ் எல்லாம் இருந்தது. இரண்டு கிழமை நான் சோழனாக ஆடினேன். ஆனால் சோழனாக ஆடினாலும் எங்கள் தீவைப் போய்ப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு நாள் கேட்டேன்.

"தம்பி, நீர் எங்கட யாழ்ப்பாண இராச்சியத்தையும் செய்யலாமே?"

அவனுக்கு என் 'நீர்' எப்போதும் சிரிப்பு. நாடகத்தில் பேசுவது போல இருக்கிறதாம். சிரித்துவிட்டு, "அது சின்ன கிங்டம்ணா," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, பண்ணலாம். டேட்டா நீங்க தரணும்," என்றான்.

அந்த மாரிகாலம் முழுக்க நான் ஒரு மந்திரியைப் போலத் திரிந்தேன். ஒவ்வொரு நாட்டுக்கும் நகரப் பெயர்கள் வரிசையாகக் கொடுக்க வேண்டும். ஆடுபவன் புது நகரம் கட்டக் கட்ட அந்த ஒழுங்கில் பெயர் விழும். நல்லூர், ஊர்காவற்துறை, பருத்தித்துறை, பூநகரி என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டிருந்ததைக் கடைக்கார அண்ணை பார்த்துவிட்டார்.

"எங்கை என்ர காரைநகர்?"

"பன்னிரண்டாவதா வருது, அண்ணை."

"பன்னிரண்டோ? காரைநகர் இல்லாமல் என்ன இராச்சியம்? தீவு முழுக்க ஆர் கடை நடத்தினது?"

அடுத்த மேசையில் புங்குடுதீவு கிளம்பியது. அதற்குப் பின்னால் வேலணை, அளவெட்டி, இணுவில் எல்லாம் கிளம்பின. நாலு நாள் சண்டை. ஊர் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ஊருக்காகக் கோபித்துக்கொண்டு ஒருவர் கடைக்கு வருவதையே நிறுத்தினார். கடைசியில் காரைநகரை ஐந்தாவதாக ஏற்றினேன். தேத்தண்ணிக்கு அண்ணை காசு வாங்கவில்லை. விளையாட்டுத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், "எப்ப வருது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும், "வரும், வந்தால் வெல்லும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. தலைநகர் நல்லூர் கடைசிவரை விழாமல் நிற்கிற ஓர் ஆட்டம், ஒரேயொரு ஆட்டம் வேண்டும்.

மிச்சமிருந்தது விசேட பலம். அந்த விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு எவருக்கும் இல்லாத ஒரு பலம் உண்டு. உரோமருக்குத் தெரு, பிரித்தானியருக்குக் கடற்படை. நான் மன்னார் முத்து என்றேன்; ஏற்றுமதியான யானை என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். "இதெல்லாம் மத்தவங்களுக்கும் இருக்குண்ணா. யுனீக்கா ஒண்ணு வேணும்."

ஒரு திங்கட்கிழமை, எங்கள் உணவகம் பூட்டியிருக்கும் நாள், அவனுடைய மாணவர் விடுதி அறைக்குப் போயிருந்தேன். இரசம் வைத்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டான்.

"நீங்க ஊரைவிட்டுக் கிளம்பின அன்னைக்கு உங்க அம்மா என்ன பண்ணாங்கண்ணா?"

என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. தமிழ்நாட்டு ஆட்கள் இயக்கத்தைப் பற்றிக் கேட்பார்கள், தலைவரைப் பற்றிக் கேட்பார்கள். இவன் அம்மாவைக் கேட்டான். நான் இளகிப்போனேன்.

தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுக்க ஒரே நாளில் எழும்பியது எல்லோருக்கும் தெரிந்த கதை. இராணுவம் வருகிறது, வெளிக்கிடுங்கோ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போகிறார்கள், அப்பா சைக்கிளில் மூட்டை கட்டுகிறார். அம்மா கிணற்றடியில் குந்தி இருந்து மூன்று சட்டிகளைத் தேய்த்துக் கழுவினார். கழுவியதைக் குசினி வாசல் கட்டின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். "உனக்கென்ன விசரோ?" என்று அப்பா கத்தினார். "வந்தவுடனை சமைக்கிறதெண்டால் சட்டி காஞ்சிருக்க வேணும்," என்றார் அம்மா. அவ்வளவுதான். பிறகு மழையிலே நடந்தோம். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகவே இல்லை.

அகதிக் கேஸ் எழுதியபோது நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். தடுத்து வைத்தது, அடித்தது, திகதி, இடம், தழும்பு எல்லாம் கொடுத்துத்தான் காகிதம் வாங்கினேன். இந்தச் சட்டிக் கதையைக் கொடுக்கவில்லை. இதற்குப் பெறுமதி ஒன்றும் இல்லை என்பது ஒரு காரணம். இதுவாவது எனக்கென்று கிடக்கட்டும் என்பது மற்றக் காரணம். அதை அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். அவன் கண்ணும் கலங்கியது. அதை நான் இன்றைக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் இராச்சியம் வெளிவந்தது. இணைப்பை அனுப்பியிருந்தான். கூப்பூர் நேரத்தில் பின்மேசையில் வைத்து இறக்கினேன். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றார். நந்திக் கொடி வந்தது. நகரப் பட்டியலில் காரைநகர் ஐந்தாவதாக இருப்பதை அவர் முதலில் சரிபார்த்தார். பிறகு விசேட பலத்தைத் தட்டினேன்.

'இடம்பெயர்வு' என்று இருந்தது. கீழே ஆங்கிலத்தில் விளக்கம். இந்த நாட்டின் ஒரு நகரம் விழுந்தால் அதன் மக்கள் அழிவதில்லை. கிட்டடியில் இருக்கும் நகரங்களுக்குப் போய்விடுவார்கள். போன இடத்தில் உழைப்பு பெருகும், பணம் பெருகும், கல்வி பெருகும். பக்கத்தில் அடையாளமாகச் சின்னதாய் ஒரு படம். ஒரு வாசல் கட்டு. அதில் கவிழ்த்து வைத்த மூன்று சட்டிகள்.

அண்ணை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. உண்மையைத்தான் போட்டிருக்கிறான்," என்றார். "அதென்ன சட்டி?"

"தெரியாது," என்றேன்.

கூடியிருந்து குழி பறிப்பது என்று சொல்வார்கள். அதைச் செய்பவன் முகத்தில் கள்ளம் இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவன் அனுப்பிய செய்தியில், 'எப்படிண்ணா இருக்கு?' என்று கேட்டுச் சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

வெந்த புண்ணில் வேலாக வந்தது, அதை ஆடியவர்கள் எழுதியது. ஆடுபவர்கள் கூடும் இணையத்தளம் ஒன்று இருந்தது. எங்கெங்கோ இருந்து ஆட்கள், எங்கள் தீவு எந்தக் கடலில் என்று தெரியாதவர்கள், எங்கள் இராச்சியத்தைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். மிகப் பலமான நாடாம். ஆனால் சரியாக ஆடத் தெரிய வேண்டுமாம். தலைநகரை எல்லையிலே கட்டு, காவல் வைக்காதே, வெள்ளெனவே விழ விடு, பிறகு பார் என்று ஒருவன் படம் போட்டு விளக்கியிருந்தான். அதற்கு 'யாழ்ப்பாணத் தொடக்கம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நல்லூரை எவ்வளவு கெதியாகப் பறிகொடுக்கலாம் என்று அவர்களுக்குள் போட்டி வேறு.

நான் அவனை லா சப்பலுக்கு வரச் சொன்னேன். கடைக்குள் வைத்துப் பேச விருப்பமில்லை. மேலே மெத்ரோ ஓடும் பாலத்துக்குக் கீழே நின்றோம். சந்தோசமாகத்தான் வந்தான்.

"ஆயிரக்கணக்குல டவுன்லோட் ஆகுதுண்ணா. சோழாவையே தாண்டிடுச்சு."

"அந்தச் சட்டியளை ஏன் போட்டனீர்?"

அவன் முகம் மாறியது. "ஒரு மரியாதைக்குத்தான்ணா. உங்க அம்மாவுக்கு. அது யாருக்கும் புரியாது. உங்களுக்கு மட்டும் தெரியணும்னு."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அந்த ஒரு பதிலோடு எனக்கு அவன் முடிந்துபோனான். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தான்.

"அண்ணா, நான் தப்பா எதுவும் வைக்கல. விழுந்தாலும் அழியாத ஒரு நேஷன். எங்க போனாலும் மேல வந்துடுறாங்க. இது பலம்தானே? இந்தத் தெருவைப் பாருங்க. இத்தனை கடை எப்படி வந்துச்சு?"

"தம்பி, அது பலமில்லை. அது எங்களுக்கு நடந்தது," என்றேன். "உரோமன் தெருப் போட்டான், அது அவன் செய்தது. நாங்கள் இதைச் செய்யேல்லை. நீர் அதைப் புள்ளியாக்கிப் போட்டீர்."

மேலே ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. பிறகு, "எடுத்துடுறேன்ணா," என்றான்.

எடுத்தும்விட்டான். அடுத்த கிழமை புதுப் பதிப்பில் இடம்பெயர்வுக்குப் பதிலாக மன்னார் முத்து இருந்தது. நான் கேட்டதேதான். இணையத்தில் ஆட்கள் புலம்பினார்கள். நல்லதொரு நாட்டைக் கெடுத்துவிட்டான் என்று ஏசினார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. அவன் படிப்பை முடித்துக்கொண்டு வேறு நாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அண்ணை சொன்னார். போகும்போது எனக்குச் சொல்லவில்லை. நானும் சொல்வான் என்று பார்த்திருக்கவில்லை. கோபம் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எவருக்கும் சொன்னதில்லை. முத்துப் பலத்தோடு நான் எத்தனையோ தரம் ஆடினேன். நல்லூரைச் சுற்றி மதில் எழுப்பினேன், இருக்கிற படையெல்லாவற்றையும் அங்கேயே குவித்தேன். ஒவ்வொரு தரமும் தோற்றேன். சின்ன இராச்சியம், அவன் சொன்னது சரிதான். முத்து விற்ற காசு பீரங்கிக்குக் காணவில்லை.

என் கணினியில் பழைய பதிப்பும் இருந்தது. அழிக்கிறேன் அழிக்கிறேன் என்று அழிக்காமலே வைத்திருந்தேன். ஒரு நாள் கூப்பூர் நேரத்தில், கடையில் ஆட்கள் இல்லாதபோது, அதைத் திறந்தேன். முதலில் காவல் வைத்துத்தான் ஆடினேன். எதிரிப்படை நல்லூருக்கு வந்து சேர நாலு நகர்வு இருந்தது. என் படை உள்ளே இருந்தது. நான் அதை வெளியே எடுத்தேன். எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன். நகரம் விழுந்தது, சனம் கிளம்பியது. அதற்குப் பிறகு ஆட்டம் வெண்ணெயில் கத்தி இறங்கினது போலப் போனது. ஐந்தே முக்காலுக்கு நான் வென்றேன்.

அந்த விளையாட்டில் வென்றால் முழு வரைபடத்தையும் ஒரு தரம் காட்டுவார்கள். கடல் கடந்து எங்கெங்கெல்லாமோ எங்கள் நிறம் பரவிக் கிடந்தது. நல்லூர் மட்டும் வேறொருவனின் நிறத்தில் இருந்தது. அவ்வளவு படை வைத்திருந்தும் அதைத் திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆட்டம் முடியும்வரை ஒரு தரம்கூட எனக்கு வரவில்லை. வெல்வதற்கு அது தேவைப்படவில்லை.