மேற்குச் சுவர்ப் பலகைகள்

செவன் ஹில்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு வெளிச்சுவர் முழுக்க மரப்பலகை. மேற்குப் பக்கம், குசினி யன்னலைச் சுற்றி பெயின்ட் முதன்முதலில் கொப்பளித்தபோது என் கணவர் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்தார். அடுத்த பெருமழைக்குப் பிறகு அதே இடத்தில் மீண்டும் கொப்பளம். மறுபடியும் அடித்தார்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகுமுன் தேத்தண்ணிக் கோப்பையோடு வீட்டைச் சுற்றி வருவேன். விரல் மடக்கித் தட்டினால் மற்றப் பலகைகள் கணீரென்றன. அந்தப் பக்கத்துப் பலகைகள் ஈர அட்டைபோல் மந்தமாய் ஒலித்தன. பெருவிரலால் அழுத்தினால் பதிந்தது. விளிம்புகள் வளைந்து, ஆணிகள் தலையை வெளியே நீட்டியிருந்தன. உள்ளே, அதே சுவரோடு ஒட்டிய அலுமாரியைத் திறந்தால் காயாத துணியின் மணம்.

“பலகையே பழுதாப் போச்சுதப்பா. மாத்தத்தான் வேணும்,” என்றேன்.

கோயம்புத்தூர்க்காரரான அவர் சிரித்தார். “இன்னொரு கோட் அடிச்சா சரியாயிடும். அப்பா அம்மா வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்.”

அவருடைய பெற்றோர் முதல்முறையாக எங்கள் வீட்டைப் பார்க்க வரவிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஏணியைச் சுவரில் சாய்த்து, பெயின்ட் வாளியோடு ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி ஏறியிருப்பார், மளுக்கென்று ஒரு சத்தம். ஏணியின் மேல்முனை பலகைக்குள் புகுந்து ஒருபக்கமாய்த் திரும்ப, அவர் புல்லில் விழுந்தார். வாளி என்மேல் கவிழ்ந்தது.

“அடிபட்டுட்டுதோ? கையை ஆட்டுங்கோ பாப்பம்.”

“ஒண்ணுமில்ல,” என்றவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, உடைந்த பலகையைப் பிடித்து இழுத்தார். ஈரத்தோடு பிய்ந்து வந்தது. உள்ளே சுவரைத் தாங்கும் மரச்சட்டம் கறுத்துப்போய், தொட்ட இடத்தில் உதிர்ந்தது. அடுத்த பலகை, அதற்கடுத்தது என்று வெறுங்கையால் பிடுங்கத் தொடங்கினார்.

“காணும், விடுங்கோ. கை கிழியப்போகுது.”

“எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்க்கணும்.”

கையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன்.

தச்சர் வந்து பார்த்தார். மழைநீர் வடியும் கூரைப் பீலியின் ஓர் இணைப்பு ஒழுகி, தண்ணீர் பலகைகளுக்குப் பின்னால் வருடக்கணக்காய் இறங்கியிருக்கிறது. நாங்கள் அடித்த பெயின்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்திருந்தது. பீலி, சட்டம், அந்தச் சுவரின் பலகைகள் எல்லாமே மாற்ற வேண்டும் என்றார். மற்ற மூன்று பக்கமும் திடமாக இருந்தன.

மாமாவும் மாமியும் வந்திறங்கியபோது மேற்குப் பக்கம் முழுக்க நீலத் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

“ஏப்பா, வீட்டுக்கு எதுக்குத் தார்ப்பாய் கட்டி வெச்சிருக்கே?” என்றார் மாமா.

“சுவர் உளுத்துப் போச்சுங்கப்பா. இவ சொல்லிட்டே இருந்தா. நான் பெயின்ட் அடிச்சுட்டே இருந்தேன்.”

மாமா பெட்டிகளை இறக்கினார். வேலை நடந்த நாட்களெல்லாம் தார்ப்பாயின் படபடப்புக்கு மேலே கேட்கவேண்டும் என்பதற்காக நாங்கள் நால்வரும் சத்தமாகப் பேசியபடியே சாப்பிட்டோம். புதுப் பலகைகள் ஏறி, தச்சர் தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துப்போன மத்தியானம், சாப்பாட்டு மேசையில் எங்கள் குரல் எங்களுக்கே பெரிதாகக் கேட்டது. மாமிதான் முதலில் குரலைத் தாழ்த்தினார்.